சம்மட்டிக்குக் கீழே

கிணற்று மேட்டில் கல்லுக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அத்தாயிக்கு, உள்ளே விழ வேண்டிய அடி விழவில்லை என்பது காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரிந்தது. கூடையும் கையுமாக அப்படியே நின்றாள். பாறையில் வெடிக்குழி போடும்போது ஒருவன் குந்தி உட்கார்ந்து இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். மற்றவன் அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பான். அடிக்கு அடி கம்பி கொஞ்சம் திரும்ப வேண்டும். பிடிக்கிறவன் அண்ணாந்து பார்ப்பதில்லை. அடி விழுகிற கதியை நம்பிக் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அடிப்பது அவள் புருசன் மாதையன். பிடிப்பது அவள் தம்பி சென்றாயன். மேட்டூர் அணைக்கட்டில் கல்லுடைத்துப் பழகிய சோடி, இப்போது மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு கவுண்டர் காட்டில் கிணறு வெட்டுகிறது.

அடி விழுந்தது. பிந்தி விழுந்தது. கம்பியை ஒட்டிச் சறுக்குகிற சத்தமும் கூடவே கேட்டது.

"ஏனுங் மச்சா, எங்கக்கா இன்னிக்குக் கூழு ஊத்துலீங்களா? சம்மட்டி கம்பிய உட்டுப்போட்டு என்னையத் தேடுது."

"நீ ஒழுங்காத் திருப்புடா."

"ஆமாங்க, நாந்தா முன்னாலயே திருப்பிட்டனாட்ட இருக்குது."

அவன் அதை நம்பியே சொன்னான். அதுதான் அத்தாயியைச் சுட்டது.

போன சந்தையன்று மாதையன் கண் இருட்டி நடுச்சந்தையில் உட்கார்ந்துவிட்டான். திருச்செங்கோட்டில் இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கும் முனீர் டாக்டரிடம் வண்டி பிடித்துக் கூட்டிப்போனாள். மாதையன் நெஞ்சில் குழாயை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"இருதயத்துல மேல ரெண்டு அறை இருக்கும்மா. அது அடிக்கிறதுக்குப் பதிலா நடுங்கிக்கிட்டே இருக்கு. அதனால கீழ இருக்கிற அறைக்கு எப்ப அடிக்கிறதுன்னு தெரியல. ஓடுது, நிக்குது, மறுபடி வெருண்ட மாடு மாதிரி ஓடுது. சம்மட்டி தூக்கவே கூடாது. எப்பக் கண்ணு இருட்டும்னு அவருக்கே தெரியாது."

அத்தாயிக்கு அது நன்றாகவே புரிந்தது. மாதையனுக்கும் புரிந்திருக்க வேண்டும். திரும்பி வரும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, அவள் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"சென்றாயங்கிட்ட மூச்சு உடமாட்டேன்னு சத்தியம் பண்ணு. அப்பறம் நானும் பொம்பளைங்களோட சேந்து கூடை தூக்கறதா? சம்மட்டி போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்குது புள்ள?"

தலை வேர்த்து நனைந்திருந்தது. அவள் சத்தியம் பண்ணினாள்.

தண்ணீர் குடிக்க மேலே ஏறிவந்த சென்றாயன் பெருவிரலைச் சப்பிக்கொண்டே வந்தான். "ஒண்ணுமில்லக்கா, தோலுதா." சிரித்தான். விரலை வாயிலிருந்து எடுத்தபோது நகத்தோரம் ரத்தம் மறுபடி கோத்துக்கொண்டு வந்தது. அதே பெருவிரலைச் சப்பிக்கொண்டு தன் இடுப்பிலேயே கிடந்து வளர்ந்தவன். கார்த்திகையில் அவனுக்குக் கல்யாணம். சொன்னால், புருசன் தலைமேல் வைத்த கை பொய்த்துப் போகும். சொல்லாமல் எத்தனை நாளைக்கு இந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கல் சுமப்பது?

தலைச் சும்மாட்டை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். "கூடையப் பாத்துக்க சாமி. கொஞ்ச நேரம் நா புடிக்கறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? பொம்பள புடிக்கற கம்பியா அது?"

அவள் அதற்குள் கிணற்று விளிம்புக்குப் போயிருந்தாள். படி போல வெட்டிவிட்டிருந்த பாறையில் கால் வைத்து இறங்கினாள். கீழே போகப் போக வெயில் குறைந்து வெடிமருந்து வாடை ஏறியது. மாதையன் சம்மட்டிக் காம்பில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"சொல்லிப்போட்டியா?"

"இல்லீங்க. சத்தியம் பண்ணியிருக்கறனே."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். கம்பி இன்னும் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் குழியில் நட்டமாக நிறுத்தினாள்.

"எந்திரி புள்ள."

"அடிங்க."

"அத்தாயி, எந்திரி."

"எந்தம்பி கைய நம்பித்தான அடிச்சீங்க. இதும் அந்த ஊட்டுக் கைதா. அடிங்க."

மாதையன் அவள் உச்சி வகிட்டைப் பார்த்தான். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. சம்மட்டி அவன் தோளுக்கு மேலே ஏறியது. மேலே விளிம்பில் சென்றாயனின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சம்மட்டி ஏறிய இடத்திலேயே நின்றது. மாதையன் மோவாயிலிருந்து ஒரு துளி வேர்வை சொட்டி அவள் மணிக்கட்டில் விழுந்தது. இன்னும் அடி விழாத கம்பியை அத்தாயி மெல்ல ஒரு திருப்புத் திருப்பினாள்.