எடுத்தாச்சு

இந்தக் காலத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவன்கூட ஒரு கையால் செருப்பைக் கழற்றிக்கொண்டே மறுகையால் போனை நோண்டுகிறான். மாலையைப் போட்டவன் பிணத்தைப் பார்க்கிறானா, போனைப் பார்க்கிறானா என்றே தெரிவதில்லை. மனைவி காஞ்சனா கிடந்த ஃப்ரீசர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜம்புலிங்கம் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மகள் யோகலட்சுமி பெங்களூரிலிருந்து வர வேண்டும். சித்தூரில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. "வந்துகினே இருக்கேன் நைனா. அம்மா மொகத்த நான் பாக்காம எடுத்துடாதீங்க" என்று போனில் அழுதாள்.

"நீ வராம எவனும் தொடமாட்டான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்குள் காஞ்சனாவின் அண்ணன் வீட்டார் கோடிச் சேலையோடு வந்தார்கள். அவர்களை அழைத்துவர வழக்கப்படி மேளம் தெருமுனைக்குப் போனது. பெட்டி வாடகைக்கு விடும் ராஜேஷின் ஆள் கோதண்டம் முனை டீக்கடையில் இருந்தான். மேளம் நகர்ந்த சத்தம் கேட்டதும் பிணம் கிளம்பிவிட்டது என்று நினைத்து, போனில் 'எடுத்தாச்சு' என்பதை அழுத்திவிட்டான். அவ்வளவுதான். எந்த மனுஷனையும் கேட்காமல் ராஜேஷின் கடைக் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை அம்மையார்குப்பத்து வீடு ஒன்றுக்கு ஒதுக்கியது. வண்டியைக் கிளப்பியது. 'பெட்டி வருகிறது' என்று அந்த வீட்டுக்குச் சேதியும் அனுப்பிவிட்டது.

வண்டிக்காரன் பெட்டியை எடுத்துப்போக வாசலில் வந்து நின்றான்.

"இன்னாடா, பொணம் உள்ளதான கீது? கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று எழுந்தார் ஜம்புலிங்கம்.

"தப்பு நடந்துபோச்சு மாமா. திரும்பிப் போயிடறேன்." போகாமல் தயங்கினான். "அங்க ஒரு சின்னக் கொழந்த. காய்ச்சல்ல போச்சாம். பெட்டி வருதுன்னு நம்பி ஐஸ்கூட வாங்காம காத்துகினு இருக்காங்க. எங்ககிட்ட வேற பெட்டி இல்ல."

ஜம்புலிங்கம் கண்ணாடி வழியே காஞ்சனாவைப் பார்த்தார். இரண்டாம் நாள் உடம்பு. வெளியே வெயில் கொளுத்தியது. பெட்டி போனால் உடனே எடுத்தாக வேண்டும்.

"தூக்கிகினு போ" என்றார்.

யோகலட்சுமி வந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"சொன்னீங்களே நைனா."

காரியம் முடிந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே ஊருக்குக் கிளம்பினாள்.

ஜம்புலிங்கம் நேரே ராஜேஷின் கடைக்குப் போனார்.

"இனிமே அப்டி ஆவாது மாமா" என்றான் அவன். "எங்க ஆள் அழுத்தினா மட்டும் பத்தாது. வூட்டுக்காரங்களும் போன்ல ஆங்னு சொன்னாதான் அடுத்த வேலை கிளம்பும். நான் தூங்கினாலும் தானா நடக்கும்."

"அதான்டா எனக்கு பயம். ஒரு தபா வூட்டாண்ட வந்து எட்டிப் பாத்தா உன் காலு தேஞ்சிடுமா?"

"அந்தக் கொழந்தைக்கு நேரத்துக்குப் பெட்டி போய்ச் சேந்துச்சே, அத நெனச்சிப் பாருங்க."

"போச்சு. நான் குடுத்தேன், போச்சு. உன் மிஷினா குடுத்துச்சி?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ராஜேஷ் பின்னாலிருந்து இன்னும் விளக்கிக்கொண்டிருந்தான். எதிரே காவடிக் கூட்டம் அரோகரா போட்டபடி மலைக்குப் போனது. தீட்டுக்காரர் அவர்; வருஷம் திரும்பும்வரை கோயில் பக்கம் போகக் கூடாது. ஓரமாக ஒதுங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.