தொட்டியடியில் முக்கால் மணி நேரம்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே உள்ள ஒரு நூல் மில்லில் நான் குமாஸ்தா. பெயர் திருமூர்த்தி. 1937ஆம் வருஷம் வைகாசியில் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, காஸ்டிக் சோடாவை எப்படிக் கையாள்வது என்று சாயப் பகுதிச் சுவரில் ஒட்டத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நூலை வேகவைத்து வெளுப்பதற்கான காரம் அது. பார்த்தால் உப்புக்கட்டி மாதிரி சாதுவாக இருக்கும். மேலே பட்டால் தோலைத் தின்றுவிடும்.

நான் எழுதியது இது:

ஒன்று: தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அதில் காரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போடவும். காரத்தின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

இரண்டு: கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பீப்பாயைத் திறக்கக் கூடாது.

மூன்று: கண்ணில் தெறித்தால், இமையைத் திறந்துபிடித்து, நிறுத்தாமல்

மூன்றாவதை முடிக்க முடியவில்லை. இமையைத் திறந்துபிடித்தது யார் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸில் பெயர் போட இடம் கிடையாது. அதனால் இன்னொரு தாள் எடுத்தேன். நீங்கள் படிப்பது அந்தத் தாள்.

2

அன்று விடியற்காலையில் வானம் செக்கச்செவேலென்று

இல்லை. நடந்தது அதற்கு முந்தின மாதம், காலை பத்தேமுக்காலுக்கு. வானத்தை யாரும் பார்க்கவில்லை.

பழனியாத்தாள் சாயப் பகுதியில் நூல் அலசுகிறவள்

இப்படியே ஆரம்பிக்கலாம். முப்பத்திரண்டு வயது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேரியிலிருந்து நடந்து வருவாள். புருஷன் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தான். இரண்டு பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள் என்று எழுதி அடித்துவிட்டேன். என்னிடம் அதிகம் பேசமாட்டாள், அவ்வளவுதான். கூட வேலை செய்யும் பெண்களைக் கேட்டால் வாய் மூடாதவள் என்பார்கள்.

அவளுடைய இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு உண்டு. முந்தின வருஷம் காரத்தண்ணீர் தெறித்துப் பட்டது. போத்தனூர் ரயில்வே பட்டறையிலிருந்து வந்து எங்கள் மில்லில் ஃபிட்டராக இருந்த அப்துல் மஜீத் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் கையை இழுத்துப்போய்க் குழாயடியில் பிடித்தார். எரிச்சல் அடங்கிவிட்டது என்று அவள் கையை எடுக்கப் பார்த்தபோதும் விடவில்லை.

“நின்னுபோச்சுன்னு எடுத்துறாதீங்கம்மா,” என்றார். “அது தோலுக்குள்ள போய் உக்காந்திருக்கும். எண்ணெய் கூடாது, ஒண்ணும் கூடாது. தண்ணிதான்.”

(மஜீத்தைப் பற்றி இப்போதும் அவள் சொல்வாள்: அந்த மனுசன் அன்னிக்கு என் கையை விட்டிருந்தா, எனக்கும் தெரிஞ்சிருக்காது, மேஸ்திரிக்கும் கண்ணு இருந்திருக்காது.)

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சாயப் பகுதி மேஸ்திரி அரங்கசாமியை எப்படி எழுதுவது?

முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். அது சுலபமாக வந்தது. குரல் அப்படி, பார்வை அப்படி. ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவார். பழனியாத்தாளும் இரண்டு தடவை அப்படித் திரும்பிப் போயிருக்கிறாள்.

ஆனால் காரப் பீப்பாய்ப் பக்கம் அவர் எந்தப் பெண்ணையும் விட்டதில்லை. அன்று ஒரு பீப்பாயின் அடியில் காரம் பாறையாக இறுகிப் பிடித்திருந்தது. அதை உளியால் பெயர்க்க வேண்டும். நேரம் பிடிக்கும். வெந்நீரை ஊற்றினால் சீக்கிரம் கரையும் என்று நினைத்தார். தப்பு. ஆனாலும் அந்தத் தப்பை வேறு ஒருவரைச் செய்யச் சொல்லவில்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே வாளியைத் தூக்கினார்.

கெட்டவர் என்ற சொல்லை அடித்துவிட்டேன்.

4

பீப்பாய்க்குள் வெந்நீர் விழுந்ததும் உள்ளே இருந்தது கொதித்துச் சீறி, அவர் முகத்தில் வந்து அடித்தது. வாளி உருண்டது. இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் போட்ட சத்தம் ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

சாயப் பகுதிக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. பம்பை மஜீத் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரே தண்ணீர், வாசலோரம் இருந்த குடிதண்ணீர்த் தொட்டி. சேரி ஆட்கள் அதைத் தொடக் கூடாது. யாராவது மொண்டு ஊற்ற, தள்ளி நின்று கையேந்திக் குடிக்க வேண்டும்.

‘பழனியாத்தாள் ஒரு கணம் தயங்கினாள்’ என்று எழுதியிருந்தேன். போன வாரம் அவளிடம் படித்துக் காட்டியபோது, அது சரியில்லை என்றாள்.

“தயங்கறதுக்கு ஏதுங்க நேரம்? அவரு கத்தறாரு, தொட்டி முன்னால இருக்குது. பாதியிலதானுங்க பயம் வந்துச்சு. நிறுத்துனா என்ன ஆகுமோன்னு ஊத்திட்டே இருந்தனுங்க.”

ஆகவே, தயங்கவில்லை. அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்த் தொட்டி விளிம்பில் தலையைச் சாய்த்தாள். காரத்தில் நனைந்த சட்டையைக் கிழித்து எறிந்தாள். சொம்பால் மொண்டு மொண்டு முகத்தில் ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு திமிறினார் அவர். இரண்டு விரல்களால் இமையைப் பிரித்துப் பிடித்தாள். அந்த விரல்களிலும் காரம் ஏறியது.

“உடு புள்ளே, எரியுது,” என்றார்.

“எரியட்டுமுங்க. தொறங்க சாமி. மூடாதீங்க.”

ஒருவர் தேங்காயெண்ணெயோடு ஓடி வந்தார். இன்னொருவர், காரத்துக்குப் புளிப்புதான் முறிப்பு என்று எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டையும் அவள் கிட்டே விடவில்லை. தொட்டியைத் தொட்டுவிட்டாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதற்கு அவள் திரும்பவில்லை. சாப்பாட்டுச் சங்கு ஊதும்வரை, முக்கால் மணி நேரம், ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மோட்டார் கார் வந்து நின்றது. அதில் ஏற்றும்போதும் ஒரு பானைத் தண்ணீரை உள்ளே வைத்து, வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, யார் தண்ணீர் ஊற்றியது என்பது. எண்ணெய் வைத்திருந்தாலும், புளிப்பைப் பிழிந்திருந்தாலும், பத்து நிமிஷத்தில் நிறுத்தியிருந்தாலும் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றாராம்.

5

இந்தப் பகுதியை நான் இரண்டு முறை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நன்றாகவே ஓடியது. அதனாலேயே திரும்பச் சேர்க்கிறேன்.

அன்று பிற்பகல் பாதிப் பேர் தொட்டித் தண்ணீரைக் குடிக்க மறுத்தார்கள். மானேஜர் ஊரில் இல்லை. அடுத்த பொறுப்பில் இருந்தவர், மறு உத்தரவு வரும்வரை பழனியாத்தாள் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்ததால் தாளை இடது கையால் வாங்கினாள். படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

“சரிங்க சாமி,” என்றாள். “அவருக்குக் கண்ணு தெரியுதுங்களா?”

(இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதாவது நல்ல வார்த்தையாக இட்டுக்கட்டலாம். வேண்டாம்.)

6

ஒன்பது நாள் கழித்து அரங்கசாமி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மில்லுக்கு வந்து குதிரைவண்டியில் இறங்கினார். வலது கண் பழுதில்லாமல் தெரிந்தது. இடது கண்ணில் மெல்லிய புகை போல ஒரு மறைப்பு, கட்டுப் போட்டிருந்தார்கள். பழனியாத்தாளைக் கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டோம் என்று ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்.

நேரே தொட்டியடிக்குப் போனார். பிறகு, குரலை உயர்த்தாமல், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துச் சொன்னார்:

“அந்தப் புள்ள தொட்ட தண்ணி ஆகாதுன்னா, என்ற கண்ணும் ஆகாதுங்க. மொதல்ல இதைப் புடுங்கிப் போடோணும். யாரு வாரீங்க?”

யாரும் வரவில்லை. அவரே தொட்டியில் கையை விட்டு ஒரு சொம்பு மொண்டு குடித்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, அவளை வரச்சொல்லி இன்னொரு தாள் எழுதும்படி கேட்டார். நான் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பியூனிடம் கொடுத்தனுப்பலாம் என்றேன். தாமே கொண்டுபோவதாகச் சொல்லி, ஊரிலிருந்து திரும்பியிருந்த மானேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, துணைக்கு மஜீத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை பழனியாத்தாள் வேலைக்கு வந்தாள். இப்போது காரப் பீப்பாய் அறை வாசலில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மூடி கிடையாது. யார் வேண்டுமானாலும் கை விடலாம் என்பது அரங்கசாமியின் உத்தரவு. குடிதண்ணீர்த் தொட்டியில் எல்லோரும் கை விட இன்னும் முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

7

அவள் வீட்டு வாசலில் அவர் என்ன சொன்னார்?

முதல் முடிவில் அவர் அவள் காலில் விழுந்தார். அடித்துவிட்டேன். விழுகிற ஆள் இல்லை.

இரண்டாவதில், ‘நீ என் கூடப்பிறந்தவள்’ என்றார். நாடகக் கொட்டகை வாசனை அடித்தது.

மூன்றாவதில் தாளை நீட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்

அதுவும் இல்லை. அரைமணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார். அவரைக் கேட்டேன்; சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்றார். அவளைக் கேட்டேன், என்னென்னவோ சொன்னாருங்க, அதையெல்லாமா எழுதுவாங்க என்று சிரித்தாள். அதற்குமேல் கேட்க எனக்கு முகமில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த வாசலில் பேசியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது, சேரித் தெரு முனையில் நின்ற மஜீத் பார்த்தது மட்டும்தான். அந்தத் தெருக்காரர்கள் எங்கள் தெருவில் நடக்க வேண்டியிருந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து நான் பார்த்துவருவது அது. அன்று அரங்கசாமி அவர்கள் தெரு முனையில் நின்று, குனிந்து, தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாராம்.

“உள்ள சேறா இருந்துச்சோ என்னமோ,” என்றார் மஜீத்.

அது சித்திரை மாதம். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.