கோட்டுக்குள் கொலம்பைன்

புருஷன் கிளெமென்ட்டின் கோட்டுக்கு ஒட்டுப்போட எடுத்தபோது, அட்லினின் விரலில் ஏதோ நெருடியது. உள்துணியைப் பிரித்தாள். சின்ன மான்தோல் முடிச்சு. அதற்குள் காய்ந்த கொலம்பைன் பூக்கள். மலைச்சரிவில் ஐந்து கொம்போடு தலைகீழாகத் தொங்குமே, அதே சிவப்புப் பூ.

அந்தப் பூ ஒருவன் துணிக்குள் ஒளிந்திருந்தால் இரண்டில் ஒன்றுதான். அவனை மயக்க எவளோ வைத்திருக்க வேண்டும்; இல்லை, எலும்பாட்டத்தில் கைப்பொருள் போகாமலிருக்க அவனே வைத்திருக்க வேண்டும். போன வருஷம் அந்தச் சூதாட்டத்தில் அவளுடைய குதிரையைத் தோற்றுவிட்டு வந்தவன் அவன். இன்னொரு முறை ஆட உட்கார்ந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றே சொல்லியிருந்தாள்.

முதலில் ரோசின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஆற்றில் பக்கத்துப் பாறையில் நின்று சால்மன் மீன் பிடிக்கும் விதவை. கிளெமென்ட் எது சொன்னாலும் சிரிப்பாள். ஆனால் கோட்டின் தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. ரோசினோ கூடை பின்னுகிறவள். அவள் கை இப்படித் தைக்காது.

சாயங்காலம் முடிச்சை அவன் முன்னால் வைத்தாள். பேனுக்காக வைத்திருக்கிறேன் என்றான். கொலம்பைன் விதையை மென்று தலையில் தேய்த்தால் பேன் போய்விடும் என்று தெற்கத்திக்காரன் ஒருவன் சொன்னானாம்.

“உன் வழுக்கையில பேன் எங்க நிக்கும்? ஏறினா வழுக்கில்ல விழும்.”

உடனே அவன் பேச்சை மாற்றினான். யாராவது பெண்பிள்ளை வசியம் வைத்திருப்பாளோ என்னவோ, ரோசின்கூட இப்போதெல்லாம் ஒரு மாதிரிதான் பார்க்கிறாள் என்று மீசையைத் தடவிக்கொண்டான். வசியம் என்றால் பயப்பட வேண்டியவன், பூரித்துப் போயிருந்தான்.

“அப்போ இது வீட்டுல இருக்கக் கூடாது” என்று முடிச்சோடு ஆற்றுப் பக்கம் நடந்தாள் அட்லின். பின்னாலேயே ஓடிவந்தான்.

“ஏய், போட்டுடாத. சனிக்கிழமை கழியட்டும், நானே போட்டுடறேன்.”

அக்கரைக்காரர்கள் எலும்பாட்டத்துக்கு வருவது சனிக்கிழமை.

அவள் முடிச்சை அவன் கையிலேயே வைத்தாள். நேராக மீன் உலர்த்தும் பந்தலுக்குப் போனாள். காய்ந்த சால்மன்களை இறக்கி இரண்டு குவியலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மழை வருமா என்ன, எதற்கு இறக்குகிறாய் என்று கேட்டான் அவன்.

“பெரிய மீனெல்லாம் உன் பக்கம் வச்சிருக்கேன். சமைக்கத் தெரியாதவன் பாதியைத் தீய்ச்சுத்தான் சாப்பிடுவான்.”