நாற்பத்தோராவது வரி

1

இந்தக் கதை கோயில் சபையில் நான் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. "என்ட தங்கச்சிர மகள் வானத்தில புதுசா ஒரு விண்மீன் திரளைக் கண்டுபுடிச்சிருக்கா. அதுக்கு நம்மட குடிப் பேர்தான் வைப்பாங்க."

முதற்பாதியை அப்போது நம்பினேன். மறுபாதி நானே சேர்த்தது.

இன்னொரு குடியின் வண்ணக்கர்* வினாயகமூர்த்தி முகம் மாறாமல் கேட்டார்: "வானத்திலயும் வட்டை புடிச்சாச்சா?" வட்டை என்றால் வயல்வெளி; காணிக்கு அலைபவனைப் பார்ப்பதுபோல் சபை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் எழுந்து, பொய்யானால் பதவியை விடுகிறேன் என்றேன்.

* குடிக்கு ஒருவராகக் கோயிலை நிர்வகிப்பவர். குடி என்பது எங்களுக்குத் தாய்வழிக் குலம்; இந்தப் பதவி எனக்கு மாமாவிடமிருந்து வந்தது.

2

வேறு தொடக்கம்: குருக்கள்மடத்தில், வாவியைப் பார்த்த அறையொன்றில், தக்ஷாயினி என்னும் பெண்...

வேண்டாம். அழகாக எழுதினால் உண்மை நழுவுகிறது.

சில திரள்களில் நட்சத்திரம் குறைவு. தொலைகாட்டியில் எளிதில் தெரியா. அவற்றின் ஐதரசன் வாயு விடும் வானொலி அலையை வெளிநாட்டிலுள்ள பெரிய அலைவாங்கிகள் பிடிக்கின்றன. கணினி வேண்டாமென்று ஒதுக்கிய பதிவுகளை என் தங்கை மகள் தக்ஷாயினி வீட்டிலிருந்தே ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறாள். அப்படிக் கண்டதுதான் அவளுடைய குழுவின் பட்டியலில் நாற்பத்தோராவது வரி.

(மாமா, கண்டதில்ல. சந்தேகப்பட்டது. — த.)

எழுதியதை அவளிடம் காட்டியிருந்தேன். இந்த அடைப்புக்குறி அவளுடையது. அழிக்க மனம் வரவில்லை.

3

போன திங்கட்கிழமை மறுபதிவு வந்தது. அதே இடத்தை இன்னும் நீண்ட நேரம் பார்த்திருந்தார்கள். ஒன்றுமில்லை. முதலில் பதிவானது பூமியைச் சுற்றும் ஏதோ செய்மதியின் இரைச்சல். பட்டியல் மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு வெளியாக இருந்தது. அதற்குள் அந்த வரியை நீக்கச் சொல்லி அவள் எழுத வேண்டும். மறுபதிவைத் திறந்து பார்த்திருந்தவள் அவள் மட்டும்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு அவள் அறை வாசலில் போய் நின்றேன். திருவிழா முடியும்வரை, பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

அவள் திரையை விட்டுத் திரும்பவில்லை. "பத்து நாளைக்குள்ள வேற ஆக்கள் அத நம்பித் தேடத் தொடங்கிருவாங்க மாமா."

"குடி மானம் போயிரும் புள்ள."

"சபையில வாக்குக் குடுத்தது நீங்க. என்ட பேர்ல பொய் போகாது."

[இங்கே அவளை அதட்டியதாக ஒரு பந்தி இருந்தது. நான் அதட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.]

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பிவிட்டாள்.

4

முடிவு ஒன்று: சபையில் எவரும் அந்தப் பட்டியலைத் தேடப் போவதில்லை. நான் வாய் திறக்காவிட்டால், இந்த ஊரில் மட்டும் அந்தத் திரள் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

முடிவு இரண்டு: அடுத்த முறை சபை கூடியபோது நான்...

திருவிழா மலருக்கு என்னிடம் ஒரு கதை கேட்டிருந்தார்கள். மேசையில் இரண்டு பிரதிகள் கிடக்கின்றன. ஒன்றில் திரளுக்கு எங்கள் குடியின் பெயர் இருக்கிறது, அடைப்புக்குறிகள் இல்லை. மற்றது இது. வாங்கிப்போக வந்தவர் வாசற்படலையில் நின்று கூப்பிடுகிறார்.

எதைக் கொடுத்தேன் என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வினாயகமூர்த்தி, நீங்களும் வாசிப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் என் இடத்தில் யார் இருப்பது என்பதை நான் எழுதமாட்டேன். அதைச் சபை எழுதட்டும்.