அக்ராசியாதாவில் ஒரு சுற்று

அன்று ஆற்றின் மேல் மூடுபனி இருந்ததா, அல்லது எங்கள் லாரியின் ரேடியேட்டர் கக்கிய ஆவியைத்தான் பனியாக நினைவில் வைத்திருக்கிறேனா, நிச்சயமில்லை. என் மனைவி இர்மாவைக் கேட்டால் நல்ல வெயில் என்பாள்.

நாட்டின் விடுதலைக்காக முப்பத்து மூன்று பேர் படகில் வந்திறங்கிய மணற்கரை அக்ராசியாதா. ஏப்ரலில் ஒரு நாள் கொடியும் குதிரையுமாக நிறையும். மற்ற நாட்களில் நினைவுத்தூபியும் கொக்குகளும்தான்.

மெர்சிதெஸ் ஊரில் இர்மாவின் தங்கை வீட்டில் அவளை விட்டுவரப் போய்க்கொண்டிருந்தேன். விருந்துக்கு அல்ல, நிரந்தரமாக. மகன் ஸ்பெயினுக்குப் போனபின் வீட்டில் பேச்சு வற்றியது. நான் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டேன். "சுவருகிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும்" என்றாள் அவள். பிறகு, இலையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் எங்கள் மத்தே பானத்துக்குத் தனக்கென்று வேறொரு குடுவை வாங்கினாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிக் குடுவையில் மத்தே குடித்தால், அக்கம்பக்கத்தார் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

கரையோரம் வண்டி கொதித்து நின்றது. பதற்றத்தில், மத்தேவுக்காக ஃபிளாஸ்கில் வைத்திருந்த வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டேன்.

"எதிர்ல ஆறு ஓடுது, உனக்கு என் வெந்நீர்தான் கிடைச்சுதா? லாரிக்கு மத்தே போட்டுக் குடுக்கிறான் பாரு!"

தூபியின் காவலாளி அனிபால் சிரித்தபடி வந்தார். "அக்கா, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். என் கெட்டில்ல தண்ணி இருக்கு, வாங்க."

ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். முதலில் அவர், பிறகு நான், பிறகு இர்மா. போதும் என்றால் குடுவையைத் திருப்பும்போது நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்தச் சுற்றிலிருந்து விலகியாயிற்று. முதல் குடுவையிலேயே சொல்லிவிட்டு எழுந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

என் வாய் பட்ட குழலை வெகுநேரம் பார்த்தாள். துடைக்கவில்லை. அடிவரை உறிஞ்சினாள். குடுவையை நீட்டினாள். நன்றி சொல்லவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே. அனிபால் ஏதோ மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

கெட்டில் காலியானது.

"வீட்டுக்குத் திரும்பிடலாமா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பாவாடையிலிருந்து மணலை உதறினாள். "தங்கச்சி எனக்குன்னு கட்டில்லாம் வாங்கிப் போட்டிருக்கா. நீயே போன் பண்ணிச் சொல்லு. வாயத் திறந்து பழகு."

தங்கை ஓராண்டு எங்களோடு பேசவில்லை. இப்போது கோடைதோறும் வந்து தங்குகிறாள். அனிபால் ஓய்வுபெற்றுக் கார்மெலோவில் மகளோடு இருக்கிறார். மகன் திரும்பவில்லை. லாரியை விற்றுவிட்டோம். இர்மா அடுக்களையிலிருந்து ஏதோ கேட்கிறாள்; பதில் சொல்ல எழுந்துகொண்டிருக்கிறேன்.