எதிர்க்காற்றில் வந்த மிதவைகள்

புனுவாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் தாகுரேவா தீவின் காயலில், கிழக்குக் கோடியில் சிப்பி கட்டித் தொங்கவிட்டே கழிந்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரு படகும் ஒரு முதுகும். இரண்டில் படகு பரவாயில்லை. "என் முதுகு ரொம்ப ஒழுக்கமானது. குனிஞ்சா குனிஞ்சபடி, நிமிர்ந்தா நிமிர்ந்தபடி. இடையில பேச்சுவார்த்தையே கிடையாது" என்று சிரிப்பான். அவன் மனைவி தித்தைனா மட்டும் சிரிக்கமாட்டாள். தைலம் தேய்ப்பது அவள்.

அந்த ஜனவரியில் அவன் கயிறுகளில் ஒன்பதாயிரம் சிப்பி தொங்கின. எல்லாம் முத்து வளர உள்ளே மணி வைத்தவை. மே மாதம் திறந்தால் கருமுத்து. அதுவரை சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிப்ரவரி என்று ஒன்று நடுவில் கிடந்தது. காற்று விழுந்துவிடும் மாதம். தெற்குத் திட்டின்மேல் அலை ஏறி உள்ளே கொட்டினால்தான் காயலுக்குப் புதுத் தண்ணீர். பழசு மேற்கே கடல்வாய் வழியாக வெளியே போகும். அலை ஓய்ந்துவிட்டால் காயல் முழுக்க அலம்பாத பாத்திரத்துத் தண்ணீர்போல நிற்கும். போன வருஷம் பக்கத்துத் தீவில் அப்படி நின்றது. அங்கே இப்போது சிப்பி வளர்ப்பவர் ஒருவரும் இல்லை.

அதனால்தான் மீன்வள ஆபீஸிலிருந்து மொயராணி வந்து இறங்கினாள். இருபத்தாறு வயது. மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தூங்குகிறது என்று அளக்கப் போகிறாளாம்.

"மிதவைய விடுவோம் மாமா. அதுக்கடியில சிப்பி தொங்குற ஆழத்துக்குச் சிலுவை மாதிரி துணி தொங்கும். தண்ணி துணியத் தள்ளும், மிதவை கூடவே போகும். தினம் காலையில எது எங்க இருக்குன்னு குறிச்சா ஓட்டம் தெரிஞ்சிடும்."

"என் மூலையில ஓட்டம் இல்லேன்னு வந்தா?"

"எல்லாத்தையும் கடல்வாய்ப் பக்கம் மாத்திடணும். மாசம் முடியறதுக்குள்ள."

ஒன்பதாயிரம் சிப்பி. ஆள் இரண்டு. முதுகு ஒன்றரை. புனுவா மரியாதைக்காகத் தலையாட்டினான். உள்ளுக்குள் அந்த நிமிஷமே வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். சிப்பி பிழைக்க வேண்டும் என்றல்ல, இடம் மாற்றச் சொல்லக் கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் அறிவித்தார். மொயராணி படத்தைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் மிதவை, உச்சியில் சின்னச் சிவப்புக் கொடி. "இதை யாரும் தொடாதீங்க." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். புதன்கிழமை சரக்குக் கப்பல் வந்தது. பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டு மஞ்சள் மிதவையும் ஓடு நொறுங்கிக் கிடந்தன. மேலே யாரோ சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மொயராணி அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

"மிதவைக்கா பஞ்சம்?" என்று புனுவா தன் கொட்டகையிலிருந்து பன்னிரண்டு கருப்பு மிதவைகளை எடுத்துக்கொடுத்தான். ஒவ்வொன்றிலும் அவன் பண்ணை அடையாளமான இரண்டு வெள்ளைப் பட்டை. துணிச் சிலுவைகளை அவற்றில் மாட்டிக் காயலின் நடுவே வரிசையாக விட்டார்கள்.

ஊரில் மறுபடி சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். தாகுரேவாவில் மிதவை ஒன்று தனியாக அலைந்தால் அதன் அர்த்தம் ஒன்றுதான்: யாரோ ஒருவருடைய கயிறு அறுந்துவிட்டது, சிப்பி அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர் பட்டையைப் பார்த்து உரியவர் கயிற்றில் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சண்டைக்காரன் மிதவையானாலும் அப்படித்தான். கட்டிவிட்டுப் போய்ச் சண்டையைத் தொடர்வார்கள்.

முதல் இரண்டு நாள் புனுவாவும் மொயராணியும் சேர்ந்து போய்க் குறித்தார்கள். மிதவைகள் சோம்பேறித்தனமாக மேற்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம் நகர்ந்திருந்தன. மூன்றாம் நாள் அவளுக்கு வயிறு சரியில்லை. முந்தின இரவு தித்தைனா வைத்த தேங்காய்ப்பால் பச்சை மீனை மூன்று தட்டு சாப்பிட்டிருந்தாள்.

"நீங்களே குறிச்சிட்டு வாங்க மாமா" என்று இடம் குறிக்கும் கருவியைக் கையில் கொடுத்தாள்.

நடுக்காயலில் ஐந்துதான் இருந்தன. மிச்சத்தைத் தேடிக் களைத்து அவன் தன் பண்ணைக்கே வந்தான். அங்கே இருந்தன ஏழும். கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கிறது; அதற்கு எதிராக ஏழு மிதவை அவன் மூலைக்கு வந்து அவன் கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்டு நின்றன. நாய்க்குட்டிகள்போல.

முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு சுற்று, இடமிருந்து வலம். ஊரில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான். தித்தைனாவின் தம்பி தெவீரா. அவன் பண்ணை வடகரையில். அங்கிருந்து இங்கே வரப் படகில் ஒரு மணி நேரம்.

புனுவா சிரித்தான். மொயராணியிடம் சொன்னால் அவளும் சிரிப்பாள், திரும்ப ஒருமுறை விடுவார்கள். முதல் முடிச்சை அந்த எண்ணத்தில்தான் அவிழ்த்தான். இரண்டாவதை அவிழ்க்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். கீழே தெளிந்த தண்ணீரில் ஒன்பதாயிரம் சிப்பி வரிசை வரிசையாக இருட்டுக்குள் இறங்கிப்போவது தெரிந்தது. ஒவ்வொரு கூடையும் அவன் தூக்க வேண்டிய கூடை.

மூன்றாவதை அவிழ்க்கும்போது வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்திருந்தான். கிட்டத்தில் வந்திருக்கும், அதனால்தான் கட்டியிருப்பான். எவன் அடுத்தவன் மிதவைக்காக ஒரு மணி நேரம் பெட்ரோல் எரிப்பான்? தண்ணீர்தான் முக்கால்வாசி கொண்டுவந்திருக்கும். கடைசிக் கால்வாசிக்கு ஒரு கணக்கா? ஏழாவதை அவிழ்த்தபோது அவன் யோசிக்கவே இல்லை. அவிழ்த்து அங்கேயே விட்டான், அந்த இடத்தைக் குறித்தான்.

சாயங்காலம் மொயராணி எழுந்து வந்து பார்த்தாள். மிதவைகளின் துணி அவன் கயிறுகளில் சிக்கியிருந்தது. அவள் படகிலேயே எழுந்து நின்று குதித்தாள்.

"மாமா! மேல் தண்ணிய காத்து மேற்கே தள்ளுது இல்ல? அதுக்கு ஈடா அடித்தண்ணி கிழக்கே திரும்பி வரும்னு படிச்சிருக்கோம். இங்க அதான் நடக்குது! உங்க மூலைக்குத்தான் வருது! ஒரே நாள்ல இவ்வளவு தூரம்னு நான் நினைச்சே பார்க்கல!"

"நானும்தான்" என்றான் புனுவா. அதில் பொய் இல்லை.

அவள் வரைந்த படத்தில் ஏழு நீல அம்புகள் அவன் பண்ணையைப் பார்த்துப் பாய்ந்தன. அதன் ஒரு பிரதியைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த விமானத்தில் போய்விட்டாள். புனுவாவின் முதுகு ஒரு வாரம் வலிக்கவே இல்லை.

அடுத்த வாரம் தெவீரா வந்தான். படகு நிறையச் சிப்பிக் கூடை. தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"மச்சான், ஓட்டமெல்லாம் உன் வீட்டுக்குத்தான் வருதாமே! என் பக்கம் அம்பே போடல அந்தப் பொண்ணு. கொஞ்சம் இடம் குடு. மூவாயிரம்தான்."

"உன் இடத்துக்கு என்னடா கொறச்சல்?" என்றான் புனுவா, கூடைகளை எண்ணியபடி.

"ஏன், குடுக்க மனசில்லையா? அக்கா! பாரு உன் புருஷன, தண்ணிக்கு வேலி போடுறாரு!"

தித்தைனா கரையிலிருந்து கத்தினாள். "யோவ்! எடம் என்ன உங்கப்பன் வீட்டு எடமா? தொங்கவிடட்டும்!"

தொங்கவிட்டார்கள். நாலு நாள் ஆனது. தெவீரா தண்ணீருக்குள் போவான், வருவான், ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டே பேசுவான், மறுபடி போவான். புனுவாவைக் கூடை தூக்க விடவில்லை. "நீ மேல நின்னு அதிகாரம் பண்ணு மச்சான். அதுக்கு முதுகு வேண்டாம்."

கடைசி நாள் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "உன் மிதவைக் கயிறெல்லாம் உளுத்துப்போச்சு போல. போன மாசம் நடுக்காயல்ல ஏழு அலைஞ்சுது. எங்கெங்கயோ கிடந்துது. ஒரு நாள் பூரா பொறுக்கிக் கொண்டாந்து கட்டினேன். ஒரு நன்றி சொல்லக் காணோம்."

நடுக்காயலில். எங்கெங்கோ. ஒரு நாள் பூரா.

முக்கால்வாசியும் இல்லை, கால்வாசியும் இல்லை. தண்ணீர் ஒரு முழம்கூடக் கொண்டுவரவில்லை. இப்போதே சொல்லிவிடலாம். மூவாயிரத்தையும் திரும்ப ஏற்ற நாலு நாள். காற்று இன்னும் இருந்தது. புனுவா வாயைத் திறந்தான். தெவீராவின் கைகளைப் பார்த்தான். கயிறு அறுத்து விரலிடுக்கெல்லாம் ரத்தம் கசிந்து உப்பில் வெளுத்திருந்தது.

"நன்றிடா" என்றான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காற்று நின்றது. தெற்குத் திட்டில் அலைச் சத்தம் ஓய்ந்ததும், முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான் என்று புனுவாவுக்கு விளங்கியது. ஐந்தாம் நாள் கீழ்மூலையில் தண்ணீர் பச்சை பூத்தது. எட்டாம் நாள் பால் ஊற்றிய மாதிரி ஆனது. கிளிமீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடின. புனுவாவும் தித்தைனாவும் தெவீராவும் கூடைகளைத் தூக்கித் தூக்கிக் கடல்வாய்ப் பக்கம் கொண்டுபோனார்கள். தூக்கிய கூடையில் பாதி ஏற்கெனவே வாய் பிளந்திருந்தது. முதுகைப் பற்றி அவன் ஒருமுறைகூட நினைக்கவில்லை. இந்த முதுகு ஜனவரியிலேயே இதைச் செய்திருக்கும் என்பது அப்போது தெரிந்தது. பதினோராம் நாள் நிறுத்தினார்கள். தூக்க எதுவும் இல்லை.

நாற்றம் மூன்று வாரம் இருந்தது. சோற்றிலும் தலையணையிலும் இருந்தது.

தெவீரா ஒருநாள் தன் பழைய இடத்துக்குப் போய் வந்தான். "மச்சான், அவசரத்துல ஒரு கயிற அங்கயே விட்டுட்டேன் போல. நாப்பது சிப்பி. நாப்பதும் உயிரோட இருக்கு!" சந்தோஷமாகத்தான் சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மொயராணி போனில் அழுதாள். "என் கணக்குதான் மாமா தப்பு. ஆழத்தைச் சரியா பார்க்கல. நான்தான்."

"அழாதம்மா. கணக்குன்னா தப்பத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொன்னான். போனை வைத்துவிட்டு வெளியே போய் நாறிய கூடைகளைத் தேய்க்க ஆரம்பித்தான். தித்தைனா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஏழு முடிச்சையும்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டில் முப்பது வருஷம் வாழ்ந்தவன். அது அவனுக்கு வீடுமாதிரி.

"எங்கிட்ட சொல்லி என்னய்யா பண்ண? அவங்கிட்ட சொல்லு. அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட. வியாழக்கிழமை கப்பல்ல தம்பி பபேத்தே டவுனுக்குப் போறான். யாரோ கிடங்கில மூட்டை தூக்க ஆள் கேட்டாங்களாம்."

வியாழக்கிழமை ஊரே துறைக்கு வந்திருந்தது. ஊரைவிட்டுப் போகிறவனுக்குச் சங்குமாலை போட்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அனுப்புவார்கள். தெவீராவின் கழுத்தில் காது மறைய மாலை. தித்தைனா போட்டாள், போட்டுவிட்டு விலகிப் போய் நின்றுகொண்டாள். புனுவா தன் மாலையைப் போட்டான். கையை எடுக்காமல் அப்படியே நின்று சொன்னான். மிதவையை, பட்டையை, படத்தில் இருந்த அம்பு எதை வைத்துப் போட்டது என்பதை. மாவு மூட்டை இறக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

தெவீரா முதலில் சிரித்தான். இது புனுவாவின் வழக்கமான கதை, கடைசியில் ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று காத்திருந்தான். வரவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முடிச்சப் பார்த்தப்பவே."

"நான் கூடையோட வந்தப்ப?"

"தெரியும்."

"நடுக்காயல்ல பொறுக்கினேன்னு நான் சொன்னப்ப?"

புனுவா மாலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். 

"நன்றின்னு சொன்னியே மச்சான்" என்றான் தெவீரா. கோபமே இல்லை அதில். ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. கழுத்திலிருந்த குவியலில் தேடி, புனுவா போட்ட மாலையை மட்டும் கண்டுபிடித்து, மற்றவை சிக்காமல் மெதுவாகக் கழற்றினான். அதைப் புனுவாவின் கழுத்தில் போட்டுவிட்டுக் கப்பல் பலகையில் ஏறினான். மேலே போய் மறுபக்கம் நின்றுகொண்டான். துறையிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம்.

கப்பல் ஊதியது. புனுவாவுக்கு நகரத் தோன்றவில்லை. போதகரின் மனைவி அந்த வழியாக வந்தவள் அவன் கழுத்து மாலையைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பையைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, நீயும் புறப்பட்டுட்டியா? சொல்லவே இல்லையே!" என்று அவனை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "நல்லபடியா போய்ட்டு வா. எப்ப வருவே?"

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டுபேர் முத்தமிட வந்து நின்றார்கள். கப்பல் பலகையைத் தூக்கிவிட்டது. புனுவா கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.