கோடிச் சேலை

விருந்தாளி என்று ஒருவர் சிக்கிவிட்டால் ஆமத்தூர்க்காரர்கள் லேசில் விடமாட்டார்கள். வேலுச்சாமியின் பொண்டாட்டி குருவம்மாள் அதில் ஒரு படி மேல். மலேசியாவிலிருந்து கோயில் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தி, பஸ்ஸில் வாந்தியெடுத்துத் துவண்டுபோய், நிறுத்தத்தில் இறங்கி உட்கார்ந்திருந்தாள். ஈப்போக்காரி, பெயர் தவமணி. பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்த குருவம்மாள் யாரு எவரு என்றுகூடக் கேட்கவில்லை. "எந்திரிங்கக்கா, வீட்டுல கஞ்சி இருக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். திருச்செந்தூர் போய்த் திரும்பும்போது ஏற்றிக்கொள்கிறோம் என்று பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

அடுத்த நாளே தவமணி தெம்பாகிவிட்டாள். தெருவே குழம்பும் கருவாடுமாகக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து இறக்கியது. "இப்படித் தின்னா பஸ்ஸு என்னைத் தாங்காது" என்று அவள் சொல்ல, குருவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கூடப்பிறப்பு இல்லாதவளுக்குத் திடீரென்று ஒரு அக்கா கிடைத்திருந்தாள். அந்தச் சிரிப்பை வேலுச்சாமியே அதுவரை கேட்டதில்லை.

பஸ் திரும்பி வருவதற்கு முந்தின நாள், தவமணி பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு பாலியஸ்டர் சேலையை எடுத்துக் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். "இதக் கட்டிக்கிட்டுத்தான் நீ என்னை வழியனுப்பணும்."

கம்பெனியில் நூல் சேலைதான் கட்ட வேண்டும். பாலியஸ்டர் உரசினால் பொறி கிளம்பும், வெடிமருந்துக்கு அது போதும். பட்டாசு செய்கிற ஊரில் பிள்ளைக்குக்கூட இது தெரியும். குருவம்மாளுக்குத் தெரியாதா? ஆனாலும் விடிகாலையில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தவமணி உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ கோட்டிக்காரி, கம்பெனிக்கு இதையா கட்டிட்டுப் போற?" என்றான் வேலுச்சாமி.

"சாயங்காலம் வந்து மாத்த நேரமிருக்காது. நேரா பஸ்ஸுக்கு வந்துருவேன். நான் லேபிள் ஒட்டுற ஷெட்டுலதான இருக்கேன், அங்க ஏது மருந்து?"

அவன் அதற்குமேல் பேசவில்லை. பாவிப்பயல், பேசியிருக்கலாம்.

தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். மருந்து செலுத்தும் அறையில் ஆள் குறைகிறது என்று லேபிள் ஒட்டியவளைப் பத்து மணிக்கு அங்கே அனுப்பினார்கள். உடுப்பைப் பார்க்க வேண்டிய போர்மேன் பார்க்கவில்லை. சோறு உண்ணும் நேரத்துக்குள் அந்த அறையே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், "நூல் சேல கட்டுங்கன்னா கேக்குறாளுகளா" என்று அந்தப் போர்மேன் யாரிடமோ சொன்னது தவமணி காதில் விழுந்துவிட்டது. வேலுச்சாமியிடம் ஓடிவந்தாள். "தம்பி, நான் குடுத்ததையா கட்டிட்டுப் போனா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவனால் முடியவில்லை. "இல்லக்கா. பழைய நூல் சேலதான். உங்க சேல பெட்டில பத்திரமா இருக்கு."

தெருவே அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடித்தது. கடல் தாண்டி வந்தவள் பாரத்தோடு திரும்பக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் எல்லோர் வாயையும் கட்டியிருந்தாள். தேடி வந்த பஸ்ஸைத் தவமணி போகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வெள்ளைத்துணியில் பொதிந்து குருவம்மாளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். "பொறந்த வீட்டுக் கோடி போடுறவுக வாங்க" என்று, கடைசியாகப் போர்த்தும் புதுச் சேலைக்கு யாரோ குரல் கொடுத்ததும் கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

தவமணி எழுந்தாள். "நான் போடுறேன். அக்கான்னுதானே கூப்பிட்டா? தம்பி, பெட்டியில இருக்கிற அந்தச் சேலையைக் கொண்டாங்க. அவ மேல ஒரு தடவையாச்சும் பாத்துக்கிறேன்."

"அது வேண்டாந்தாயி" என்று பஞ்சம்மாள் குறுக்கே விழுந்தாள். "கடைக்கு ஆள் போயிருக்கு."

"ஏன் வேண்டாம்? அதுவும் புதுசுதானே? இன்னும் கட்டவே இல்லையே!"

வேலுச்சாமி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தான். குருவம்மாளின் நூல் சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. இன்னொரு பொய் தேடினான், வரவில்லை. வெறுங்கையோடு வந்து தவமணியின் காலடியில் உட்கார்ந்தான்.

"அக்கா, அதத்தான் கட்டிட்டுப் போனா. நான் பாத்தேன். தடுக்கல."

"நீங்க கொல்லல தாயி, நீங்க கொல்லல" என்று பஞ்சம்மாள் தவமணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைக்குப் போனவன் வந்து, காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, புதுச் சேலையைத் தவமணியிடம் நீட்டினான்.

அவள் உடனே வாங்கவில்லை. முந்தியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். திரும்பவும் தேய்த்தாள்.

"இது நூல்தானே?" என்று கேட்டாள்.